சூலையும் உடைவாளும்



‘இறைநம்பிக்கையால் சினத்தை வெல்லுதல்’ என்ற தலைப்பில் அறக்கட்டளைச் சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும் என்று கடிதம் வந்தது. தபாலை வாங்கி முதலில் படித்தவள் என் மனைவி. படித்துவிட்டு, “இதுக்கு உங்களையா கூப்பிட்டிருக்காங்க?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே ஐயம். நாற்பது ஆண்டுகளாக என் கோபத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். ஆகவே வைத்தியன் இடத்தில் நின்று நான் இன்று பேசப்போவதில்லை. வைத்தியசாலைத் திண்ணையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிற ஒருவனின் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில் வெகுளாமை 31ஆம் அதிகாரம். அது எந்த இயலில் வருகிறது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் இல்லறவியல் என்பார்கள். இல்லை, துறவறவியல். இல்லறத்தானுக்கு வள்ளுவர் வைத்தது 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமை. எனக்கு இதில் ஒரு கருணை தெரிகிறது. குழாயில் தண்ணீர் வராமல், பையன் பரீட்சையில் கோட்டைவிட்டு, சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வீட்டில் இருப்பவனிடம் ‘கோபமே கொள்ளாதே’ என்று அவர் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. ‘பொறுத்துக்கொள்’ என்றார். கோபம் வரத்தான் செய்யும், வந்ததைப் பிடித்து வை என்பது அதற்குப் பொருள். வேரோடு பிடுங்கும் வேலையை வீட்டை விட்டுப் போனவனுக்கு ஒதுக்கினார். உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்லலாம். நான் வீட்டில் இருப்பவன். எனக்கு வசதியான காரணத்தைச் சொல்கிறேன்.

ஆனால் தலைப்பில் ‘இறைநம்பிக்கையால்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். நம்பிக்கை வந்தால் கோபம் போய்விடும் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடலாம். பிரதோஷத்தன்று கோயில் வரிசையில் அரை மணி நேரம் நின்றவர்கள் அதை நம்பமாட்டார்கள். சாதாரணமாக வருகிற கோபத்துக்குத் தான் கோபம் என்பது தெரியும். சற்று நேரத்தில் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும். பக்தனுடைய கோபத்துக்கு அந்த வெட்கம் வராது. அது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருகிறது. சாமிக்காகக் கோபப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை யார் தடுப்பது?

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிற நூல் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில், சோழ அரசில் உயர்ந்த பதவியில் இருந்த சேக்கிழார் பாடியது. அடியார் பெருமையைப் பாட வந்தவர்தான். ஆனாலும் அவர்களுடைய கோபத்தை அவர் மூடி மறைக்கவில்லை. கருவூரில் எறிபத்தர் என்றொரு நாயனார். ஆனிலைக் கோயிலுக்குப் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த சிவகாமியாண்டாரிடமிருந்து அரசனுடைய பட்டத்து யானை கூடையைப் பறித்துச் சிதறிவிடுகிறது. எறிபத்தர் மழுவை ஓங்கி யானையை வெட்டுகிறார். உடன் வந்த பாகர்களையும் வெட்டுகிறார். செய்தி கேட்டுப் படையோடு வந்த புகழ்ச்சோழர், வெட்டியவர் ஓர் அடியார் என்று கண்டதும் கேட்ட கேள்விதான் ஆச்சரியம்: யானையையும் பாகரையும் கொன்றது போதுமா, அவற்றுக்கு உடையவனான என்னையும் அல்லவா கொல்ல வேண்டும்? கேட்டுவிட்டுத் தம் உடைவாளை எடுத்து நீட்டுகிறார். வாளை வாங்காவிட்டால் அரசர் தம்மைத்தாமே வெட்டிக்கொள்வாரோ என்று அஞ்சி எறிபத்தர் வாங்குகிறார். வாங்கிய கையோடு, இப்படிப்பட்ட ஒருவருக்கா தீங்கு நினைத்தேன் என்று அந்த வாளைத் தம் கழுத்திலேயே வைக்கிறார்.

அந்தக் கோபத்தை எந்த அறிவுரையும் இறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அமைதியாக இருங்கள் சுவாமி’ என்று யாராவது குறுக்கே போயிருந்தால் இன்னும் இரண்டு தலை உருண்டிருக்கும். எதிரில் வந்தவர் எறிபத்தரைவிடப் பெரிய அடியாராக வந்து நின்றார். மழு தானாகத் தாழ்ந்தது. இந்த வாளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வாள் வரப்போகிறது.

நான் இன்று சொல்ல வந்தது ஏயர்கோன் கலிக்காமரைப் பற்றி. வைத்தீசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமங்கலம் அவருடைய ஊர். சோழர் படைத்தலைவர் குடி. அவர் பெயரில் உள்ள புராணம் வம்பறா வரிவண்டுச் சருக்கத்தில் 400க்கும் மேற்பட்ட பாடல்களோடு நீண்டு கிடக்கிறது. எடுத்துப் படித்தால் அதில் பெரும்பகுதி சுந்தரர் கதை! கலிக்காமர் தொடக்கத்தில் கொஞ்சம் தலைகாட்டிவிட்டுக் கடைசியில்தான் மறுபடி வருகிறார். தம் பெயரில் உள்ள புராணத்திலேயே, தாம் யாரை அடியோடு வெறுத்தாரோ அந்த ஆளுக்கு இடத்தை விட்டுக்கொடுத்த நாயனார் இவர் ஒருவர்தான். சேக்கிழார் கணக்குத் தெரியாமல் செய்த காரியம் என்று நான் நினைக்கவில்லை. கோபக்காரனின் வாழ்க்கையை எழுதினால் அப்படித்தான் வரும். நாம் யார்மேல் கோபமாக இருக்கிறோமோ அவர்தான் நம் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார்.

கோபத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். சுந்தரருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறார். திருவொற்றியூர் போன இடத்தில் சங்கிலியாரை மணக்கிறார். ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுக்கிறார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகின்றன. வழி நெடுகப் பாடிப் பாடி, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று திரும்பப் பெறுகிறார். கண் வந்துவிட்டது; வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தி பரவையாருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சுந்தரர் யாரிடம் போய் அழுதார்? தம் தோழரான ஆரூர் இறைவனிடம். தியாகராசர் நள்ளிரவில், ஆரூர்த் தெருவில், ஒரு முறை அர்ச்சகர் வேடத்தில் போய்த் தோற்று, மறுமுறை தம் உருவத்தோடே போய்த் தூது பேசிச் சமாதானம் செய்துவைத்தார்.

இதைத்தான் கலிக்காமரால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க ஆண்டவனைத் தெருவில் நடக்க வைப்பவன் அடிமையா? அவனை என்றைக்காவது எதிரில் கண்டால் என்ன நடக்குமோ என்று கொதித்துக்கொண்டிருந்தார். இந்தக் கோபத்தில் ஒரு சுயநலமும் இல்லை. சொத்தில்லை, பதவியில்லை. முழுக்க முழுக்கச் சாமிக்காக. அவர் இடத்தில் நானாக இருந்தால் இந்தக் கோபத்தை ஒரு புண்ணியக் கணக்காக எழுதிவைத்துக்கொண்டிருப்பேன்.

சிவபெருமான் என்ன செய்தார்? அந்தக் கோபத்தை எடுத்துவிடவில்லை. நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. அதற்குப் பதில் சூலை நோயை அனுப்பினார். வயிற்றெரிச்சல் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அதை நிஜமான வயிற்று வலியாகவே ஆக்கிக் கொடுத்ததாகத் தோன்றுகிறது எனக்கு. துடித்துப்போய்க் கூப்பிட்டவரிடம் வந்து, ‘இது வன்தொண்டனாகிய சுந்தரன் வந்து தீர்த்தால்தான் தீரும்’ என்றார். கலிக்காமர் சொன்ன பதிலை நான் பல முறை படித்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக உம்மையே நம்பி வாழும் குடி எங்களுடையது. அவன் வந்து தீர்ப்பதைவிட இந்த வலி இப்படியே என்னை வருத்தட்டும் என்கிறார். வலியை விடலாம், கோபத்தை விட முடியாது!

சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட இன்னொருவரையும் நாம் அறிவோம். அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசர். சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்தவருக்கு அதே வலி வருகிறது. யாரிடம் போனால் தீரும்? எந்தத் தமக்கையை விட்டுப் பிரிந்து போனாரோ அந்தத் திலகவதியாரிடம். இரவில், யாரும் பார்க்காமல், திருவதிகைக்கு வந்து அக்காள் காலில் விழுகிறார். அவர் கையால் திருநீறு வாங்குகிறார். நோய் ஒன்று, மருந்து கிடைத்த இடமும் ஏறக்குறைய ஒன்று: நாம் யாரை வேண்டாம் என்று வந்தோமோ அவர் கை. அப்பர் போனார். கலிக்காமர் போகமாட்டேன் என்றார். எனக்குக் கலிக்காமரைத்தான் நெருக்கமாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். அப்பா காலத்துக்குப் பிறகு நிலம் பாகமானது. எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் ஒரு வரப்பு. அவன் ஒவ்வோர் ஆண்டும் அண்டை வெட்டும்போது என் பக்கம் கொஞ்சம் தள்ளி வெட்டுகிறான் என்பது என் கட்சி. நான்தான் என் பக்கத்திலிருந்து சுரண்டி வரப்பை மெலிய வைக்கிறேன் என்பது அவன் கட்சி. தகராறு மொத்தமும் ஒரு சாண் அகலம். அந்த ஒரு சாணுக்காக ஆறு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. அப்பாவின் திவசத்தைக்கூடத் தனித்தனியாகக் கொடுத்தோம். இத்தனைக்கும் அவன் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எனக்கு வலி வந்தது. சிறுநீரகக் கல். வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தமிழ் படித்தவனுக்கு உடனே என்ன நினைவுக்கு வரும்? அப்பரின் முதல் பதிகம். சுருண்டு படுத்துக்கொண்டு அதைத்தான் சொன்னேன். மனைவி, “தம்பி வீட்டில் வேன் இருக்கு, கூப்பிடட்டுமா?” என்றாள். “வேண்டாம், 5.40க்கு பஸ் வரும்” என்றேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பதிகத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்! வாய் அதிகை வீரட்டானத்தில் இருந்தது. வயிறு வரப்பில் இருந்தது.

அவள் என்னைக் கேட்காமலே போன் செய்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அவன் அந்தப் பழைய ஆம்னி வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கைலி, தோளில் துண்டு, கலைந்த தலை. என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. “அண்ணி, ரெண்டு தலகாணி எடுத்துக்குங்க” என்று மட்டும் சொன்னான். மருத்துவமனைக்கு 22 கிலோமீட்டர். அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, முகத்தைத் திருப்பாமலே, “மேடு வருதுண்ணே” என்பான். ஏறி இறங்கும். மறுபடி கொஞ்ச தூரம். “மேடு வருதுண்ணே.” ஆறு ஆண்டுகளில் அவன் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவைதாம்.

கலிக்காமருக்கு இவ்வளவு எளிதாக முடியவில்லை. இறைவன் சொல்லி அனுப்பிய சுந்தரர் வருகிறார் என்று ஆள் வந்து சொன்னதும், அவன் வந்து தொடுவதற்குள் இந்த வயிறே இல்லாமல் போகட்டும் என்று உடைவாளை உருவித் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். நான் வாக்குக் கொடுத்த இரண்டாவது வாள் இதுதான். கோபம் எதிராளியைத் தேடித்தான் கிளம்புகிறது. ஆள் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பாது.

இங்கே ஒரு பெண் இருக்கிறார். கலிக்காமரின் மனைவி. மானக்கஞ்சாற நாயனாரின் மகள். அவருக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கலியாணத்தன்று, மணமகன் ஊர்வலம் வந்துகொண்டிருக்கும்போதே, பஞ்சவடிக்கு முடி வேண்டும் என்று ஒரு மாவிரதி கேட்க, தகப்பனார் அவருடைய கூந்தலை அடியோடு அரிந்து கொடுத்துவிட்டார். இறைவன் அதைத் திரும்ப வளரச் செய்தான் என்பது பிற்பாடு. இப்போது கணவர் குடல் சரிந்து கிடக்கிறார். தாமும் உயிர்விடத் துணிந்த நேரத்தில், வாசலில் சுந்தரர் வந்துவிட்டார் என்கிறார்கள். ‘யாரும் அழக் கூடாது’ என்று சொல்லிவிட்டு, உடலை மறைத்து, விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து வரவேற்கச் சொல்கிறார் அந்த அம்மையார். கோபப்பட இந்தக் கதையில் யாருக்காவது முழு உரிமை இருந்தது என்றால் அவருக்குத்தான். இருவருடைய கோபத்தையும் தவற்றையும் பாடிய புராணம் அவருடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் ஆண்களின் கோபத்தைப் பற்றித்தான் ஊருக்குத் தெரியும். நடு இரவில் போன் செய்தவரைப் பற்றி யாரும் அறக்கட்டளைச் சொற்பொழிவு வைப்பதில்லை.

சுந்தரர் உள்ளே வருகிறார். ‘ஒன்றுமில்லை, பள்ளிகொண்டிருக்கிறார்’ என்று வீட்டார் சொல்வதை அவர் மனம் ஏற்கவில்லை. பார்த்தே தீர வேண்டும் என்று போய்ப் பார்க்கிறார். பார்த்ததும் தம் பக்கத்து நியாயம் எதையும் பேசவில்லை. நான் பரவையின் கணவன், இறைவன் என் தோழன், அவன் தானாகத்தானே தூது போனான் என்று வழக்காடியிருக்கலாம். வழக்காடுவதில் அவர் சூரர். அதைச் செய்யாமல், இவருக்கு முன்னால் நானும் போகிறேன் என்று அந்த வாளையே எடுக்கிறார். அப்போது இறையருளால் கலிக்காமருக்கு உயிர் வருகிறது. எழுந்தவர் செய்த முதல் வேலை சுந்தரர் கையில் இருந்த வாளைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் யார் காலில் யார் முதலில் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாதபடி இருவரும் விழுகிறார்கள். கருவூரில் நீட்டப்பட்ட வாளும் பெருமங்கலத்தில் பிடிக்கப்பட்ட வாளும் எனக்கு ஒரே வாளாகத்தான் தெரிகின்றன. இரண்டு இடத்திலும் ‘நான்தான் நியாயம்’ என்பதை ஒருவர் முதலில் கீழே வைத்தார். மற்றவர் கை தானாகத் தளர்ந்தது. நம்பிக்கை செய்தது இவ்வளவுதான்: நீதிபதி நாற்காலியில் இன்னொருவர் இருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அது காலியாகக் கிடப்பதாக நினைக்கும்போதுதான் நாம் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

சுந்தரரின் பக்தியே ஒரு கோபத்தில் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். புத்தூரில் கலியாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டுகிறார். மணக்கோலத்தில் இருந்த வாலிபர் அவரைப் பித்தன் என்று ஏசி, துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படிதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வந்து வழக்கை முடித்துவைக்கிறது. ஆட்கொண்ட பிறகு, என்னைப் பாடு என்கிறார் இறைவன். என்ன சொல்லிப் பாடுவது? திட்டினாயே, அதையே முதற்சொல்லாக வை. அவர் பாடல்களாகிய ஏழாம் திருமுறை அந்த வசையில்தான் தொடங்குகிறது. கோபத்தில் வந்த சொல்லைக்கூட இறைவன் குப்பையில் போடவில்லை. கழுவி எடுத்து முகப்பில் வைத்துக்கொண்டார்.

அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அவரைப் பற்றி ஒரு மரபுக் கதை. வயதிலும் கல்வியிலும் மூத்தவரான அருணந்தி, தம் மாணவர்கள் எல்லாம் இந்தச் சிறுபிள்ளையிடம் போய்விட்ட கோபத்தோடு வந்து, பாடம் நடந்துகொண்டிருந்த இடத்தில் நின்று, ‘ஆணவத்தின் வடிவம் என்ன?’ என்று கேட்டாராம். மெய்கண்டார் பதில் பேசவில்லை. நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாராம். அருணந்தி அந்த இடத்திலேயே விழுந்து மாணவரானார். சைவ சித்தாந்தம் ஆணவம் அழிந்துபோகும் என்று சொல்வதில்லை; அடங்கும் என்றுதான் சொல்கிறது. இதைப் படித்த காலத்தில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இப்போது இல்லை.

கலிக்காமரும் சுந்தரரும் அதன் பிறகு சேர்ந்து திருப்புன்கூர் போனார்கள். அங்கே சுந்தரர் பாடிய பதிகத்தில் இந்தச் செய்தி வருகிறது. பஞ்சத்தில் மழை பெய்விக்கப் பன்னிரண்டு வேலி நிலம், பெய்த மழை வெள்ளமானபோது அதை நிறுத்த இன்னும் பன்னிரண்டு வேலி என்று கோயிலுக்குக் கிடைத்ததைச் சொல்பவர், ஏயர்கோனின் நோய் நீங்கியதையும் சொல்கிறார். யார் நீக்கியது என்று சொல்கிறார்? இறைவன் நீக்கினான் என்று. வைத்தியராக அனுப்பப்பட்டவர் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை.

போன ஆண்டு தம்பியோடு அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். நந்தனாருக்காக நந்தி விலகிய தலமும் அதுதான். விலகி உட்கார்ந்திருக்கும் நந்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்த வேலிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “பன்னெண்டும் பன்னெண்டும் இருவத்துநாலு வேலி. அதுக்கு எத்தனை வரப்பு போட்டிருப்பாங்கண்ணே?” என்று கேட்டான். சிரிக்காமல்தான் கேட்டான்.

இந்தச் சம்பாவுக்கு அண்டை வெட்டியது அவன் முறை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு விரற்கடை என் பக்கம் வந்திருப்பதுபோல்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அளவுக் கயிற்றைத் தேடினேன். பரணில் இல்லை, மாட்டுக் கொட்டகையில் இல்லை. மனைவியைக் கேட்டேன். அடுப்படியிலிருந்தபடியே, தான் பார்க்கவில்லை என்றாள். இன்னும் கிடைக்கவில்லை.